கால்சியம் சேனலை அடைக்கிற மாத்திரை, கைப்பிடியை ஏன் தளர்த்தவில்லை?

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. அனுப்பினவர் பெயர் வேண்டாம் என்றார், அதனால் அண்ணன் என்றே சொல்கிறேன். வயசு 41, சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் லைன் வேலை. ஒரு ஷிஃப்டில் சில நூறு தடவை டார்க் கன்னைத் தூக்கி போல்ட்டை முடுக்க வேண்டும்.

மெடிக்கல் கேம்பில் பிபி பார்த்திருக்கிறார்கள். 160-க்கு 100. வேறு வேறு நாளில் பார்த்தும் இறங்கவில்லை. டாக்டர் அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினமும் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம்தான் இந்த வாய்ஸ் நோட்:

"தம்பி, மாத்திரை பேரை போன்ல போட்டுப் பாத்தேன். கால்சியம் சேனல் பிளாக்கர்னு வருது. சதை சுருங்கறதுக்கே கால்சியம்தான் வேணும்னு என் பொண்ணு பதினொண்ணாவது புக்ல போட்டிருக்கு. அப்ப கால்சியத்தை அடைச்சா கை வலு போயிடாதா? எனக்குக் கைதான் சோறு. பத்து நாளா மாத்திரையை நிறுத்தி வெச்சிருக்கேன். நீ என்ன சொல்ற?"

அன்றைக்கு ராத்திரியே பதில் போட்டேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் என்ஜினியர். நீங்களாக நிறுத்த வேண்டாம், நாளைக்கே டாக்டரைப் பாருங்க, இதே கேள்வியை அவரிடமும் கேளுங்க என்று மட்டும் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டார். மாத்திரை மறுபடி ஓடுகிறது. அது அவரும் டாக்டரும் பார்த்துக்கொள்கிற விஷயம்.

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. காரணம், அவர் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பு கிடையாது. தசை சுருங்கக் கால்சியம் வேண்டும், சரி. அம்லோடிபின் கால்சியம் சேனலை அடைக்கும், அதுவும் சரி. அது அடைக்கிற சேனல் குடும்பம் கைத் தசையில் இருக்கிறது என்பதும் சரி. சும்மா இருப்பது இல்லை, உடம்பிலேயே அது மிக அடர்த்தியாக இருக்கிற இடங்களில் ஒன்று கைகால் தசை. மூன்று சரியான வாக்கியத்தைக் கூட்டினால் தப்பான விடை வருகிறது. எங்கள் வேலையில் இதற்குப் பெயர் பக். இந்த பக் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் போனால், உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த டிசைன் ஒன்றில் போய் முட்டுகிறோம்.

விரலிலிருந்து ஆரம்பிப்போம். டார்க் கன்னின் ட்ரிகரை அமுக்க வேண்டும். மூளையிலிருந்து கிளம்பின சிக்னல் நரம்பு வழியாக வந்து, தசைச் செல்லின் தோல் மேல் ஒரு மின் அலையை எழுப்புகிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், ஸ்டார்ட் லைட் அணைந்த நொடியில் க்ளட்சை விடுகிறவரின் கையிலும் இதே கதைதான். சும்மா இருக்கும்போது தசைச் செல்லின் உள்பக்கம், வெளியோடு ஒப்பிட்டால் சுமார் -90 மில்லிவோல்ட்டில் இருக்கும். அலை வந்ததும் சில மில்லிசெகண்டுக்கு அது பூஜ்யத்தைத் தாண்டி பிளஸ் பக்கம் போய்விட்டு, திரும்ப இறங்கிவிடும்.

இங்கே ஒரு சிக்கல். அலை ஓடுவது செல்லின் மேல் தோலில். சுருங்க வேண்டிய இழைகளோ உள்ளே ஆழத்தில். தசைச் செல் ரொம்பப் பெரிய செல், 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை தடிமன் வரும். மேலே நடந்தது நடுவில் இருப்பவனுக்குத் தெரிவதற்குள் ட்ரிகர் அமுக்க வேண்டிய நேரம் போய்விடும். அதனால் செல்லின் தோலே ஆங்காங்கே உள்நோக்கி மடிந்து, போர்வெல் மாதிரி ஆழமான குழாய்களாக இறங்குகிறது. இதற்கு டி-டியூபூல் என்று பெயர். மின் அலை இந்தக் குழாய்களில் இறங்கி செல்லின் நடு வரைக்கும் போய்விடுகிறது.

குழாயின் இரண்டு பக்கமும் ஒட்டின மாதிரி இரண்டு பைகள் இருக்கும். கால்சியத்தைத் தேக்கி வைக்கிற பைகள். சார்கோபிளாஸ்மிக் ரெடிகுலம் என்று வாய் நிறைய ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில்தானே செம்பரம்பாக்கம், நாம் ஏரி என்றே கூப்பிடுவோம். ஏரிக்கு வெளியே, செல்லின் உள்ளே இருக்கிற திரவத்தில் கால்சியம் கிட்டத்தட்டக் கிடையாது. செல்லுக்கு வெளியே ரத்தத்தில் இருக்கும் அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இப்படி வறட்சியாக வைத்திருக்கப் பம்புகள் ஏடிபியை எரித்துக்கொண்டு ராப்பகலாக ஓடுகின்றன. பின்னணி சத்தம் இல்லாத அறையில் ஒரு சின்னக் கைதட்டல்கூட காதில் விழும் இல்லையா, அதற்காகத்தான் இவ்வளவு செலவு.

மதகு திறந்தால் கால்சியம் கொட்டும். இழைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ட்ரோபோனின் என்ற பூட்டில் போய் ஒட்டும். பூட்டு விலகியதும் மயோசின் என்ற புரதம் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும். விரல் மடங்கும். அந்தப் பூட்டைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி, 1960-களில். கால்சியமாவது, தசையை ஆட்டிவைப்பதாவது என்று அப்போது பெரிய பெரிய ஆட்களே நம்ப மறுத்தார்கள். அது தனி எபிசோடுக்கான கதை.

நம்ம பக் இருப்பது அதற்கு முந்தின படியில். மதகை யார் திறக்கிறார்கள்?

இரண்டு புரதங்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. குழாயின் சுவரில் நிற்பது டிஎச்பி ரிசெப்டர், இன்னொரு பெயர் சிஏவி 1.1. மின்னழுத்தத்தை உணர்கிற கால்சியம் சேனல். ஏரியின் கரையில் நிற்பது ரையனோடின் ரிசெப்டர். அதுதான் மதகு, அதுவும் ஒரு கால்சியம் சேனல்தான். பிரம்மாண்டமான புரதம். ஐயாயிரத்துக்கும் மேல் அமினோ அமிலம் கோத்த சங்கிலி ஒன்று, அந்த மாதிரி நான்கு சேர்ந்தால்தான் ஒரு மதகு. தெரிந்த அயனிச் சேனல்களிலேயே பெரிய குடும்பம் இதுதான். இருவருக்கும் நடுவில் இடைவெளி சுமார் 12 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனை ஆறாயிரம், ஏழாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு.

உணர்கிறவர் ஒருத்தர், திறக்கிறவர் இன்னொருத்தர். இவர் அவருக்கு எப்படிச் சொல்கிறார்?

சட்டென்று தோன்றுகிற விடை இது: சென்சார் தானே ஒரு கால்சியம் சேனல், அது திறந்து வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியத்தை உள்ளே விடும், அந்தக் கொஞ்சம் கால்சியம் மதகில் போய் மோதும், மதகு திறக்கும். அழகான விடை. நம்ம அண்ணன் மனசில் இருந்த படமும் இதுதான். இதயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை.

இதயக் கதையைத் தொடங்கி வைத்தவர் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர். ஆஸ்பத்திரியில் ஆர்எல் பாட்டில் ஏற்றுகிறார்களே, ரிங்கர் லாக்டேட், அந்த ரிங்கர்தான். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புத் தண்ணீரில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. ஆனால் அந்தக் கரைசலைக் கலக்கப் பயன்படுத்தின தண்ணீர் லண்டன் குழாய்த் தண்ணீர் என்பது பிறகுதான் தெரியவந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து கொடுத்ததும் இதயம் நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் என்ன இருந்தது? கால்சியம். 1883-ல் அதை எழுதினார். நம்ம ஊர் போர் தண்ணியில் வாளி அடியில் வெள்ளையாகப் படியுமே, அந்தச் சமாசாரம்தான் ஒரு இதயத்தை ஓட்டிக்கொண்டிருந்தது.

இதயத்துக்கு வெளிக் கால்சியம் உயிர். அப்படியானால் கைத் தசைக்கும் அப்படித்தானே இருக்கும்? சோதிப்பது சுலபம், வெளியே இருக்கிற கால்சியத்தை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டியதுதானே.

1972-ல் ஆர்ம்ஸ்ட்ராங், பெசனில்லா, ஹோரோவிச் மூன்று பேரும் அதைச் செய்தார்கள். தவளைக் காலிலிருந்து ஒரே ஒரு தசை நாரைப் பிரித்தெடுத்தார்கள். கால்சியமே இல்லாத கரைசலில் போட்டார்கள். எங்கேயாவது மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால்? அதையும் உறிஞ்சிவிட ஈஜிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். இப்போது வெளியில் கால்சியம் துடைத்து எடுத்த மாதிரி. ஷாக் கொடுத்தார்கள். நார் சுருங்கியது. மறுபடி கொடுத்தார்கள். மறுபடி சுருங்கியது. நிமிடக்கணக்கில் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்க. உள்ளே வர ஒரு கால்சியம்கூட வெளியில் இல்லை. அப்படியென்றால் சென்சார் சேனல் வழியாக எதுவும் வந்திருக்க முடியாது. ஆனாலும் மதகு திறக்கிறது. மெசேஜ் அனுப்பாமலேயே மெசேஜ் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்த வருஷமே, 1973-ல், ஷ்னைடர், சாண்ட்லர் இருவரும் நேச்சர் இதழில் ஒரு சின்ன அளவீட்டை வெளியிட்டார்கள். தசையின் மின்னழுத்தத்தை மாற்றும்போது, அயனி எதுவும் சேனலைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டாலும் ஒரு குட்டி மின்னோட்டம் தெரிகிறது. எதுவோ ஒன்று சவ்வுக்குள்ளேயே நகர்கிறது. மின்னூட்டம் உள்ள ஒரு பாகம், லிவர் மாதிரி, இடம் மாறுகிறது. அந்த லிவர் நகர்ந்து நேராக மதகைத் தள்ளித் திறக்கிறது என்பது அவர்கள் போட்ட கணக்கு. வேதியியல் மெசேஜ் இல்லை, சைக்கிள் பிரேக் மாதிரி. பிரேக்கைப் பிடித்தால் வயர் இழுக்கும், கட்டை சக்கரத்தில் உட்காரும். நடுவில் யாரும் யாருக்கும் சொல்லி அனுப்புவதில்லை.

எங்கள் பாஷையில் சொன்னால், இதயம் ஈவென்ட் அனுப்புகிற ஆர்க்கிடெக்சர். ஒருத்தர் மெசேஜைப் போடுகிறார், இன்னொருத்தர் எடுத்துப் படித்து வேலை செய்கிறார். கைத் தசை நேரடி ஃபங்ஷன் கால். ஏன் இந்த வித்தியாசம் என்று என்னைக் கேட்டால் வேகம் என்பேன். கைத் தசையின் மின் அலை சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். ஆனால் அங்கே இருக்கிற சிஏவி 1.1 சேனலின் துவாரம் ரொம்பச் சோம்பேறி, முழுசாகத் திறக்கப் பல பத்து மில்லிசெகண்ட் ஆகும். அது கதவைத் திறந்து கால்சியத்தை விடுவதற்குள் சிக்னல் முடிந்து, விரல் மடங்கியும் இருக்கும். லிவர் மட்டும் வேகமானது. தசை அந்த லிவரைத்தான் நம்புகிறது.

இது ஊகம்தானே, லிவர் என்று சொல்வது சென்சார் சேனல்தான் என்று எப்படி உறுதி? அதற்கு ஒரு பாவப்பட்ட எலி தேவைப்பட்டது. டிஸ்ஜெனிக் எலி என்பார்கள். பிறவியிலேயே இந்தச் சென்சார் புரதம் இல்லாத எலி. நரம்பு சிக்னல் வரும், ஏரியில் கால்சியம் நிறைய இருக்கும், மதகும் இருக்கும். ஆனால் தசை சுருங்காது. மூச்சு விடவும் தசை வேண்டுமே, அதனால் பிறந்ததும் இறந்துவிடும். 1988-ல் ஜப்பானின் ஷோசாகு நூமா குழுவைச் சேர்ந்த தனாபேயும், அமெரிக்காவின் கர்ட் பீமும் சேர்ந்து, அந்த எலியின் தசைச் செல்களை வளர்த்து அவற்றுக்குள் சென்சார் புரதத்துக்கான மரபணுவை ஊசி மூலம் செலுத்தினார்கள். செத்த மாதிரி கிடந்த செல்கள் சுருங்க ஆரம்பித்தன.

இதைவிட எனக்குப் பிடித்தது 1990-ல் அவர்கள் செய்தது. அதே எலிச் செல்லில் கைத் தசைச் சென்சாருக்குப் பதிலாக இதயத்தின் சென்சாரை, சிஏவி 1.2-வைப் போட்டார்கள். செல் சுருங்கியது. ஆனால் வெளிக் கால்சியத்தை எடுத்ததும் நின்றுவிட்டது. கைத் தசைக்குள் இதயத்தின் ஆர்க்கிடெக்சர்! அப்புறம் இதயச் சென்சாரின் ஒரே ஒரு துண்டை மட்டும் வெட்டி, அங்கே கைத் தசைச் சென்சாரின் துண்டை ஒட்டினார்கள். செல்லுக்குள்ளே தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு வளையம் அது, இரண்டாவது பகுதிக்கும் மூன்றாவது பகுதிக்கும் நடுவில் வருவது. உடனே வெளிக் கால்சியம் தேவைப்படவில்லை. மொத்தப் புரதமும் இதயத்துடையது, ஒரு வளையம் மட்டும் கையுடையது, நடத்தை கையுடையது. கோடில் ஒரு ஃபங்ஷனை மட்டும் மாற்றிப்போட்டு மொத்த சிஸ்டத்தின் குணமும் மாறுவதைப் பார்க்கிற சுகம் இதில் இருக்கிறது.

எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களும் ஒத்துப்போகின்றன. கிளாரா ஃபிரான்சினி-ஆர்ம்ஸ்ட்ராங் எடுத்த படங்களில் சென்சார்கள் நாலு நாலாக, சதுரமாக, ஒவ்வொரு சதுரமும் ஒரு மதகின் நாலு மூலைக்கு நேராக நிற்கும். வேடிக்கை என்னவென்றால் ஒன்று விட்டு ஒரு மதகுக்குத்தான் இந்தப் பாக்கியம். நடுவில் இருக்கும் மதகுகளுக்கு எதிரில் யாரும் இல்லை.

மீன்கள் இன்னும் ஒரு படி மேலே. வரிக்குதிரை மீன் மாதிரியான எலும்பு மீன்களின் கைகால் தசைக்கு, சரி, துடுப்புத் தசைக்கு, இருக்கிற சென்சார் கால்சியத்தைக் கடத்துவதே இல்லை. பரிணாமம் துவாரத்தை மூடிவிட்டு லிவரை மட்டும் வைத்துக்கொண்டது. பாலூட்டிகளிலும் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் ஆய்வாளர்கள் கால்சியத்தைக் கடத்தாத சென்சாரோடு எலிகளை உருவாக்கினார்கள். 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த எலிகளின் தசை பலம், ஓட்டம் எதிலும் சாதாரண எலியிலிருந்து வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது மாத்திரைக்கு வரலாம், ஏனென்றால் பக் பிடிபட்டுவிட்டது. 'கால்சியம் சேனலை அடைப்பது' என்றால் கால்சியம் போகிற துவாரத்தை மூடுவது. கைத் தசை அந்தத் துவாரத்தைத் தன் வேலைக்கு நம்பியே இருக்கவில்லை. அதற்கு வேண்டிய கால்சியம் அதன் சொந்த ஏரியில் இருக்கிறது. எலியில் துவாரத்தையே நிரந்தரமாக மூடியும் ஒன்றும் ஆகவில்லை என்றால், 5 மில்லிகிராம் மாத்திரை என்ன செய்துவிடும்?

இதில் ஒரு முரண் இருக்கிறது. டிஎச்பி என்றால் டைஹைட்ரோபிரிடின். அம்லோடிபின், நிஃபெடிபின் எல்லாம் அந்தக் குடும்பத்து மருந்துகள். அந்த மருந்துகள் போய் ஒட்டுகிற புரதம் எது என்று தேடினவர்கள் அதை அதிகமாகக் கண்டெடுத்தது முயலின் காலில், எலும்புத் தசையில்தான். 1987-ல் அதன் மரபணு வரிசையைப் படித்ததும் முயல் தசையிலிருந்துதான். மருந்தின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிற புரதம் அங்கேதான் குவிந்து கிடக்கிறது, மருந்தால் தசையின் பலம் குறைவதோ இல்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மருந்து அங்கே எதுவுமே செய்யாது என்பது இல்லை. ஆய்வகத்தில், தசையின் மின்னழுத்தத்தை வெகுநேரம் பூஜ்யத்தை நோக்கி ஏற்றி வைத்துவிட்டு நிஃபெடிபினை ஊற்றினால் லிவரும் உறைந்துபோகும், மதகும் திறக்காது. ரியோஸ், பிரம் இருவரும் 1987-ல் இதைக் காட்டித்தான் லிவரும் மருந்து ஒட்டும் புரதமும் ஒன்றே என்று வாதாடினார்கள். ஆனால் உயிருள்ள கையில் தசை பெரும்பாலான நேரம் -90 மில்லிவோல்ட்டில் சும்மா இருக்கிறது. இந்த மருந்துகளுக்கு அந்த நிலை பிடிக்காது, சரியாக ஒட்டாது.

எங்கே நன்றாக ஒட்டும்? ரத்தக் குழாயின் சுவரில். அங்கேயும் தசைதான், வழவழப்புத் தசை என்று பெயர். அது எப்போதும் -40, -60 மில்லிவோல்ட் சுற்றளவில் பாதி விழித்த நிலையில் இருக்கும், மருந்துக்குப் பிடித்த நிலை. மேலும் அதற்குக் கைத் தசை மாதிரி லிவர் வசதி கிடையாது, வெளியிலிருந்து துவாரம் வழியாக வருகிற கால்சியத்தை நம்பித்தான் இறுகுகிறது. துவாரத்தை அடைத்தால் குழாய் தளரும், அகலும், அழுத்தம் இறங்கும். மருந்தின் மொத்த வேலையும் இதுதான். இதயத்திலும் வெளிக் கால்சியம் வேண்டுமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. வழக்கமான அளவில் அம்லோடிபின் குழாயைத்தான் அதிகம் பிடிக்கும், இதயத்தைக் கொஞ்சம்தான். இதயத்தையும் பலமாகப் பிடிக்கிற கால்சியம் சேனல் மருந்துகளும் உண்டு, வெராபமில் மாதிரி. அதனால்தான் "எல்லாம் ஒரே பிளாக்கர்தானே" என்று பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது.

இன்னொரு சந்தேகமும் நிறையப் பேருக்கு இருக்கிறது. எலும்புக்குப் போகிற கால்சியத்தை இது அடைக்குமா? அடைக்காது. பாலிலும் கேழ்வரகிலும் வருகிற கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவது வேறு வழி.

பக்கவிளைவே இல்லையா என்றால், உண்டு. லைனில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கணுக்கால் வீக்கம். ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் அகலும், திரும்ப எடுத்துப்போகும் குழாய் அந்த அளவுக்கு அகலாது. நடுவில் அழுத்தம் கூடி நீர் கசியும். ரொம்ப நேரம் நின்றதால் வீங்குகிறது என்று விட்டுவிடுவார்கள். டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். சிலருக்குத் தசைப்பிடிப்பும் வரலாம், பக்கவிளைவுப் பட்டியலில் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். அதுவும் வலு போவதும் ஒன்று இல்லை.

இதைவிட முக்கியமாக, அம்லோடிபின் உடம்பைவிட்டு மெதுவாகத்தான் போகும். பாதி குறையவே 30 முதல் 50 மணி நேரம். நிறுத்தின மறுநாள் எதுவும் ஆகாது, அதற்கடுத்த நாளும் ஆகாது. "பாத்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்" என்று தோன்றும். அழுத்தம் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். பிபி ஏறினால் பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது, கஃப் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையும் பரிசோதனையும் இலவசம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாங்குவது பிரச்சினையாக இருக்கிற வீட்டைவிட, வாங்கின அட்டை பாதியில் நின்று பீரோவுக்குள் கிடக்கிற வீடுதான் எனக்குத் தெரிந்து அதிகம்.

இவ்வளவு நேரம் சென்சாரைப் பற்றியே பேசினோம். மதகின் பக்கமும் ஒரு மருந்து இருக்கிறது, அது அண்ணனின் ஊர்க் கொட்டகையிலேயே இருக்கலாம். 2018-ல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் படைப்புழு புகுந்தது நினைவிருக்கும், பெரம்பலூர் பக்கம் மறக்கவே மறக்காது. அதற்கு அடிக்கிற மருந்துகளில் ஒன்று குளோரன்ட்ரனிலிப்ரோல், கடையில் கோராஜன் என்று கேட்பார்கள். அது வேலை செய்வது புழுவின் ரையனோடின் ரிசெப்டரில், அதாவது மதகில். மதகைத் திறந்துவிட்டு மூட விடாது. ஏரி வடிந்துபோகும். புழுவின் தசை சுருங்கி, பிறகு செயலிழக்கும். வாயை அசைக்க முடியாமல் தின்பதை நிறுத்திவிடும், சாவது அப்புறம்தான். மனிதனின் மதகில் இதே விளைவு வரப் பல நூறு மடங்கு அதிகம் தேவைப்படும், அவ்வளவு குறிபார்த்து அடிக்கிற மருந்து. அதற்காகக் கையுறை போடாமல் கலக்கலாம் என்று அர்த்தம் இல்லை. ரையனோடின் என்ற பெயரே ரையானியா என்ற தென் அமெரிக்கச் செடியிலிருந்து வந்தது, அதன் தண்டைப் பொடித்துப் பூச்சிமருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள். ஒரு சேனலுக்கு மாத்திரையின் பெயர், இன்னொன்றுக்குப் பூச்சிக்கொல்லியின் பெயர்.

மனிதனிலும் மதகு கெட்டுப்போவது உண்டு. ரையனோடின் ரிசெப்டர் மரபணுவில் சில மாற்றங்கள் இருப்பவர்களுக்குச் சில மயக்க வாயுக்களைக் கொடுத்தால் மதகு திறந்தபடியே நின்றுவிடும். உடம்பு முழுக்கத் தசை இறுகும், கால்சியத்தைத் திரும்ப ஏற்றப் பம்புகள் வெறித்தனமாக ஓடும், உடம்பு கொதிக்கும். மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா. அரிது, ஆனால் உயிரை எடுக்கும். டான்ட்ரோலின் என்ற மருந்து அந்த மதகை அடக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் "உங்க வீட்ல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. யோசிக்காமல் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லுங்க.

கடைசியாக ஒரு பரிசோதனை, என்ஜினியர்களுக்காக. சென்சாரும் மதகும் மட்டும் இருந்தால் போதுமா, இல்லை கூட யாராவது வேண்டுமா? 2017-ல் பீமின் குழு, தசையோடு சம்பந்தமே இல்லாத, சிறுநீரகத்திலிருந்து வந்த ஒரு செல் வகையை எடுத்துக்கொண்டது. அதற்குள் ஒவ்வொரு புரதமாகப் போட்டுப் பார்த்தார்கள். சென்சார், மதகு, சென்சாரோடு ஒட்டியிருக்கும் பீட்டா துணைப் புரதம், இரண்டு சவ்வுகளையும் பக்கத்தில் கட்டிவைக்கும் ஜங்டோஃபிலின், அப்புறம் ஸ்டாக்-3. ஐந்தும் சேர்ந்ததும், மின்னழுத்தத்தை மாற்றினால் மதகு திறந்தது, வெளிக் கால்சியம் உள்ளே வராமலே. ஐந்து பேர் கொண்ட குறைந்தபட்ச டீம். ஸ்டாக்-3 கெட்டுப்போனால் பிறவியிலேயே தசை பலவீனம் வரும் என்பது அதற்கு நாலு வருஷம் முன்னால்தான் வெளியாகியிருந்தது.

எபிசோடு நீண்டுவிட்டது. அடுத்த வாரம் எபாஷியின் கதை, அவரை ஏன் யாரும் நம்பவில்லை என்று பேசுவோம். கேள்வி இருந்தால் வாய்ஸ் நோட் அனுப்புங்க, அண்ணன் மாதிரி மாத்திரை பெயரோடு அனுப்பினால் எனக்கு இன்னும் வசதி.